எல்லாரையும் எழும்பச் சொன்ன நாள்

டெனிஸ் விளையாட்டை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் பந்து எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் கதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதிரை செய்கிற இந்த வேலைக்கு வந்தால் அப்படித்தான். கலியாண வீட்டுக்குப் போனால் மணவறையில் இருக்கிற பொம்பிளையின் சேலையை எல்லாரும் பார்ப்பார்கள். நான் அவள் இருக்கிற கதிரையின் கால் ஆடுகிறதா என்று பார்ப்பேன். மாதா கோயில் பூசையில் சுவாமி பிரசங்கம் வைக்கும்போது என் கண் அவருக்குப் பின்னால் இருக்கிற கதிரையின் முதுகில் நிற்கும். உங்களுக்கும் இந்த வியாதி வரும், பிள்ளைகள். வந்தால் மருந்து தேட வேண்டாம்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒருத்திதான் எழுதுகிறாள். நான் "எண்டு" என்றால் அவள் "என்று" என்று போடுகிறாள். போடட்டும், படித்த பிள்ளை. மற்ற ஆட்கள் பேசினதை மட்டும் பேசின மாதிரியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். செத்துப்போனவர்களின் வாயை நாங்கள் திருத்தக் கூடாது.

நீங்கள் இப்போது கணினியில் கதிரையை வரைந்து திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். நாங்கள் தொடங்கினது யுத்த காலத்தில், மன்னார்த் தீவின் பேசாலையில், கருவாடு போட்ட பழைய கொட்டில் ஒன்றில். கடலுக்குப் போக விடாத காலம். ஆண்கள் வீட்டில் இருந்து எங்கள் சமையலுக்குக் குறை சொல்லப் பழகியிருந்தார்கள். வலை பின்னுகிற பெண்களுக்கு வலை வேலை இல்லை, ஆனால் கையில் வலைநூல் இருந்தது. அந்த நூலை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வலை மாதிரியே கண் விட்டுப் பின்னினால் இருக்கையாகிவிடும் என்று கண்டுபிடித்தோம். காற்று கீழாலும் வரும். மன்னார் வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

சட்டம் செய்ய எங்களுக்கு ஓர் ஓடாவியார் வாய்த்தார். ஓடாவியார் என்றால் படகு கட்டுகிற தச்சர். வாழ்நாள் முழுக்கப் படகு கட்டின மனிதர். அவர் செய்த முதல் அலுமாரியைப் பார்த்த என் மனுசன், "இதுக்குப் பாய்மரம் எங்க?" என்று கேட்டார். நல்ல மனிதர், கோபக்காரர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் திட்டினதில் இருந்து கற்றது.

கொட்டிலுக்குப் பக்கத்தில் ஆமி முகாம். சமாதானம் பேசுகிறார்கள் என்று பாதைகளைத் திறந்து விட்டிருந்த நேரம் அது. முகாமுக்குச் சாமான் அடுக்க இடம் காணாது என்று எங்கள் கொட்டிலைக் கேட்டார்கள். அங்கே பெரியவராக இருந்த மேஜர் ஒருநாள் வாசலில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"இங்க உண்மையா வேலை நடக்குதா? சும்மா கதைக்கிறதா?"

கீரி என்ற ஊரில் இருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிலோமினாவுக்கு வாய் நிற்காது. "ரெண்டும் நடக்குது சேர்" என்றாள்.

மேஜர் சிரிக்கவில்லை. பிறகு வந்து முடிவு சொல்கிறேன் என்று போய்விட்டார். கொட்டில் போனால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. அந்தக் கொட்டிலில்தான் எத்தனையோ வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இந்தப் பயத்துக்குள்தான் ரஞ்சன் வந்தான். மாவட்ட அரசாங்கக் கந்தோரில் விளையாட்டுக்குப் பொறுப்பான பொடியன். மன்னார் பட்டினத்தில் உத்தியோகத்தர் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு டெனிஸ் திடல் இருந்தது. அதில் வருசக்கணக்காக ஆடு கட்டியிருந்தார்கள். அதைத் துப்புரவாக்கி, யாழ்ப்பாணம், கொழும்பு எல்லாம் சேர்த்து ஒரு பெரிய போட்டி வைக்கப் போகிறார்கள் என்றான். திடல் ஓரத்துக் கதிரை எல்லாம் நாங்கள் செய்ய வேண்டும்.

அவன் கொண்டுவந்த புத்தகத்தில் வெளிநாட்டுப் போட்டி ஒன்றின் படம் இருந்தது. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, படம் தெரியும். நடுவில் ஏணி வைத்த உயரக் கதிரை. அதன் ஓரத்தில் விளையாடுகிறவன் ஒருவன் வியர்வை துடைக்கிற துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, செத்த வீட்டுக்காரன் மாதிரி இருக்கிறான்.

"இவருக்கு ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா. ஒரு ஆட்டம் தோத்திட்டார். இடைவேளையில இருந்து யோசிக்கிறார்."

"இவ்வளவு கவலைப்படுறவரை இந்தத் தட்டைக் கதிரையிலயோ இருத்தியிருக்கினம்?"

"அக்கா, இந்தப் போட்டியில முக்கியமான ஆக்கள் ரெண்டே பேர்தான். அந்த ரெண்டு ஆட்டக்காரரும். மற்றவை எல்லாம் சும்மா."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். முக்கியமான ஆட்களுக்கு முக்கியமான கதிரை. உயர்ந்த முதுகு, இரண்டு பக்கமும் கை, பொடிக் கண் விட்டு நெருக்கமாகப் பின்னின இருக்கை, முதுகின் உச்சியில் ஓடாவியார் செதுக்கின ஒரு பூ. ஓடாவியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆடுறவனுக்கு முதுகில்லாத ஒரு வாங்கு காணும், றோசம்மா. இருந்திட்டு எழும்பி ஓடுறவன். நீ என்ன, மாப்பிளைக்கோ கதிரை செய்யிறாய்?"

"கவலையா இருக்கிறவனுக்கு முதுகு சாய இடம் வேணும்."

"முதுகு வைச்சா ஆக்கள் வந்து இருப்பினம்."

"இருக்கத்தானே கதிரை."

அவர் உளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளங்க அந்தப் போட்டி நாள் வர வேண்டியிருந்தது.

படத்தில் கதிரைகளுக்கு மேலே பெரிய குடையும் இருந்தது. அதை மட்டும் வேண்டாம் என்றோம். சோளகக் காற்றுக்கு அந்தக் குடையை விரித்தால் அது அடம்பனில் வயல் உழுகிறவன் தலையில்தான் போய் இறங்கும். அதற்குப் பதிலாகப் பனையோலைத் தட்டி பின்னிக் கதிரைகளுக்குப் பின்னால் கட்டினோம். காற்றுக்கும் மறைப்பு, பின்னேர வெயிலுக்கும் மறைப்பு.

எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பட்டினத்துக்குக் கொண்டுபோகும்போது சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஓடாவியார் செய்த நடுவர் கதிரை பெட்டியில் நின்றபடி வந்தது. காற்றுக்குச் சாயாமல் அடி அகலம், மேலே போகப் போக ஒடுக்கம், உச்சியில் ஓர் ஆள் இருக்கிற தட்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் அசல் ஆமிக் காவல் பரண். அது ஆமியின் பரண் அல்ல என்பதுதான் ஆமிக்காரருக்குப் பிரச்சினை.

"இது என்ன?"

"கதிரை, சேர்" என்றேன்.

"ஆருக்கு?"

"நடுவருக்கு."

அந்தப் பொடியன் கதிரையை அண்ணாந்து பார்த்தான். "நடுவர் எவ்வளவு உயரம்?"

டெனிஸ் என்ற சொல் அவனுக்கு விளங்கவில்லை, அல்லது நான் சொன்ன விதத்தில் அது வேறு ஏதோவாக இருந்தது. சொல்லி விளங்காததைச் செய்து காட்டுவோம் என்று காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, பந்து அடிப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக் காட்டினேன். துவக்கோடு நின்ற இன்னொருவன் ஓர் அடி பின்னால் போனான்.

பிலோமினா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "றோசக்கா, செருப்பைக் கீழ போடு. ஆமிக்குச் செருப்புக் காட்டினவள் எண்டு எங்களை உள்ள போடப் போறான்கள்."

அந்த நேரம் பார்த்து ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கினது அதே மேஜர். உயரக் கதிரையைச் சுற்றி வந்தார். என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். அவருக்கு டெனிஸ் தெரியும் போல. வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. போக விடச் சொன்னார். நாங்கள் புறப்படும்போது என்னைப் பார்த்து, "நான் போட்டிக்கு வாறது. பிறகு கொட்டில் அளக்க வாறது" என்றார். உழவு இயந்திரம் பட்டினம் போய்ச் சேரும் வரை நான் செருப்பைக் காலில் போடவில்லை.

போட்டி நாள் நல்ல சனம். காலையிலேயே பட்டினத்துத் தெருக் கழுதை ஒன்று நடுவர் கதிரையின் கீழ் நிழலைக் கண்டு படுத்துவிட்டது. இழுத்தும் பார்த்தார்கள், வாழைப்பழம் காட்டியும் பார்த்தார்கள். கடைசியில் கொழும்பில் இருந்து வந்த நடுவர் கழுதையைத் தாண்டித்தான் ஏறினார். மன்னாருக்கு வந்தவர் அதையும் பார்க்கத்தானே வேண்டும்.

பெரியவர்களுக்குத் தனியாகப் பந்தல் போட்டு, கந்தோரில் இருந்து சிவப்பு மெத்தைக் கதிரைகள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். விளக்கு ஏற்றுகிற நேரம் காற்று விடவில்லை. ஏற்றுவதும் அணைவதுமாக நேரம் போய், மற்ற நிகழ்ச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிரதம விருந்தினரான பெரிய ஐயாவும் மேஜரும் ஆட்டக்காரருக்குக் கை கொடுக்கத் திடலுக்கு இறங்கினார்கள். மாவட்டத்தில் எந்தக் கந்தோரும் பெரிய ஐயாவின் சொல்லுக்குத்தான் ஆடும்.

கை கொடுத்துவிட்டுத் திரும்பின பெரிய ஐயா எங்கள் கதிரைகளைக் கண்டார். உயர்ந்த முதுகு, கை, செதுக்கின பூ, பின்னால் நிழல். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த விசேசத்திலும் நல்ல கதிரை எது என்று பார்த்தால் போதும், பெரிய ஆள் யார் என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் போய் ஒன்றில் இருந்தார். அவர் இருந்தபடியால் மேஜரும் மற்றக் கதிரையில் போய் இருந்தார். நடுவில் உயரத்தில் நடுவர், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பிலோமினா மெல்லமாக, "கல்வாரி மலையில மூண்டு சிலுவை மாதிரிக் கிடக்கு" என்றாள். நான் அவளைக் கிள்ளினேன், ஆனால் எனக்கும் அதுதான் தோன்றினது.

அப்போதுதான் ஓடாவியார் சொன்னது எனக்கு விளங்கினது. திரும்பிப் பார்த்தேன். அவர் வேலியோரம் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

முதல் இடைவேளை வந்தது. ஆட்டக்காரர் இரண்டு பேரும் வியர்த்து வழிய ஓரத்துக்கு வந்தார்கள். இருக்க இடமில்லை. யாழ்ப்பாணத்துப் பொடியன் ஐஸ் பெட்டியின் மேல் இருந்தான். கொழும்புப் பொடியன் வெயிலில் குந்தினான். நடுவர் மேலே இருந்து ரஞ்சனைக் கூப்பிட்டு, அடுத்த இடைவேளைக்கு ஆட்டக்காரருக்கு இருக்கை இல்லையென்றால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ரஞ்சன் முகம் செத்து எங்களிடம் வந்தான்.

"அக்கா, நான் என்னெண்டு எழும்பச் சொல்லுவன்? ஒருத்தர் என்ரை வேலையைப் பறிப்பார். மற்றவர் என்னையே கொண்டு போவார்."

"வேற கதிரை குடு பொடியளுக்கு."

"எங்க வைக்கிறது? திடலுக்குள்ள நிழல் உந்தத் தட்டியடியில மட்டும்தானே இருக்கு. பெரியவை ரெண்டு பேரும் தட்டியை முழுக்க அடைச்சுக்கொண்டிருக்கினம்."

போட்டி நின்றால் எங்கள் வேலைதான் காரணம் என்று நாளைக்கு மன்னார் முழுக்கக் கதை வரும், வேலை செய்யத் தெரியாதவர்களுக்கு ஏன் கொட்டில் என்று மேஜர் கேட்பார். மேஜரை எழுப்பி அவமானப்படுத்தினாலும் கொட்டில் போய்விடும். இந்த இடத்தில் இருந்துதான், பிள்ளைகள், நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பிழையாகச் செய்த கதிரையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திருத்தலாம். ஆள் இருக்கிற கதிரையை அங்கேயே, அந்த நேரத்திலேயேதான் திருத்த வேண்டும்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. அந்தக் காலத்தில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும் செத்தவர்களுக்கு மௌன அஞ்சலி இருக்கும். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கும் இருக்கும், கூட்டுறவுச் சங்கக் கடைக் கூட்டத்துக்கும் இருக்கும். அன்றைக்கு விளக்கோடு மல்லுக்கட்டி அதை விட்டுவிட்டார்கள்.

"தம்பி, ஒருத்தரையும் எழும்பச் சொல்லாதை" என்றேன். "எல்லாரையும் எழும்பச் சொல்லு."

ரஞ்சன் என்னைப் பார்த்தான். "அஞ்சலி ஆருக்கு அக்கா? ஆமி இருக்குது. எங்கட சனமும் இருக்குது. ஆருக்கெண்டு சொன்னாலும் பிழைதானே."

"ஆருக்கெண்டு சொல்லாதை. இஞ்ச எல்லாருக்கும் ஆள் இருக்கு."

அவன் ஒலிபெருக்கிக்குப் போனான். நான் பெண்களுக்குச் சொன்னேன்: செருப்பைக் கழற்றுங்கோ, கொலுசு போட்டவள் வர வேண்டாம். பந்தலில் இருந்த சிவப்புக் கதிரையில் இரண்டைத் தட்டிக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தோம்.

"அடுத்த ஆட்டத்துக்கு முன், எல்லாரும் எழுந்து நின்று, கண்களை மூடி, மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்று ரஞ்சன் சொன்னான். தமிழில் சொல்லி, சிங்களத்திலும் சொன்னான். பெரிய ஐயா எழும்பினார். மேஜர் எழும்பித் தொப்பியைக் கழற்றினார். நடுவர் மேலே நின்றார். வேலிக்கு வெளியே ஐஸ்பழம் விற்கிறவர்கூட மணியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

அப்படி ஓர் அமைதியை நான் மன்னாரில் கேட்டதில்லை. தட்டியில் காற்று உரசுகிறது மட்டும் கேட்டது. பிலோமினாவும் நானும் மேஜரின் கதிரையைப் பிடித்தோம், மற்ற இரண்டு பேர் ஐயாவின் கதிரையை. வெறுமையாகத் தூக்கிக்கொண்டு போனால் அவர்கள் நிலத்தில் இருந்துவிடுவார்கள். ஆகவே ஒன்றை எடுத்த கையோடு மற்றதை வைக்க வேண்டும். சிவப்புக் கதிரைகளைத் தட்டியின் முனைக்குத் தள்ளி, அவர்கள் திரும்பினால் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வைக்க வேண்டும். அங்கேயும் அரை நிழல் வரும். எங்கள் கதிரைகளைத் தட்டியின் நடுவுக்கு இழுத்து, ஒன்றில் ஒரு பொடியனின் பையையும் மற்றதில் மற்றவனின் துவாயையும் போட வேண்டும். இது திட்டம்.

கதிரையைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நிற்கும்போது எனக்கு என் தம்பி நினைவு வந்துவிட்டான். கடலுக்குப் போய் வராதவன். அஞ்சலி என்று சொன்னால் வராமல் இருப்பானா? நான் கதிரையோடு அப்படியே நின்றுவிட்டேன். பிலோமினா மற்றப் பக்கத்தில் இழுக்கிறாள், நான் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

மேஜரின் ஒரு கண் திறந்திருந்தது.

வெறுங்காலோடு, அவருடைய கதிரையைக் கையில் பிடித்தபடி, கண்ணீரும் வடிய ஒருத்தி நிற்கிறாள். அவர் என்னைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணை மெல்ல மூடினார். மூடின பிறகு அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் பெயர் சொல்லும்போது வாய் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ரஞ்சன் "நன்றி" என்று சொன்னபோது துவாய் அதன் இடத்தில் இருந்தது. பெரிய ஐயா கண்ணைத் திறந்து, திரும்பி, சிவப்பு மெத்தையைக் கண்டு, அதுவே தன்னுடையது என்ற மாதிரிப் போய் இருந்தார். மெத்தைக்கு முன் செதுக்கின பூ நிற்குமா? மேஜரும் போய்ப் பக்கத்தில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஆட்டத்தில் வென்றது யார் என்று கேட்காதீர்கள். கொழும்புப் பொடியன் ஓர் இடைவேளையில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் கதிரையில் நல்லாகச் சாய்ந்திருந்தான். அது எனக்குக் காணும்.

பிறகு ஒரு காலை, கொட்டில் வாசலில் ஜீப் நின்றது. மேஜர் இறங்கினார், கூட அளவு நாடாவோடு ஒரு சிப்பாய். சிப்பாய் நேரே போய் நாடாவின் நுனியைச் சுவரில் பிடித்தான். நாங்கள் கையில் இருந்த நூலைக் கீழே வைத்துவிட்டு வரிசையாக நின்றோம்.

போட்டியில் ஆட்டக்காரருக்கென்று செய்த கதிரை இரண்டும் திரும்பி வந்து மூலையில் கிடந்தன. மேஜர் ஒன்றை இழுத்து, கொட்டில் நடுவில் வைத்து, இருந்தார். முதுகைச் சாய்த்தார். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் வைத்தார். என்னை நேரே பார்த்துச் சொன்னார்.

"அம்மா, இன்றைக்கு நான் கண் மூட மாட்டன். நீங்க தூக்க ஏலாது."

முதலில் சிரித்தது ஓடாவியார். அந்த மனிதர் சிரித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு கொட்டில் முழுக்கச் சிரிப்பு. சுவரோடு நின்ற சிப்பாய் ஒன்றும் விளங்காமல் நாடாவைப் பிடித்தபடி மேஜரின் முகத்தைப் பார்த்தான். மேஜர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் நாடாவைச் சுவரில் இருந்து எடுத்துக்கொண்டு வந்து ஓடாவியாரின் கையில் கொடுத்தான்.

ஓடாவியார் மேஜரை எழும்பி நிற்கச் சொல்லி, புதுக் கதிரை ஒன்றுக்கு முதலில் தோளை அளந்தார், பிறகு முதுகை அளந்தார்.